கணினி ஓடுகிறது, காவல் நின்றுவிட்டது!

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் நெடுங்காலம் பணியாற்றிய அரசு ஊழியர்களுக்குக் கோப்புகளை இடம் மாற்றுவது புதிய அனுபவமல்ல. 1995-ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. அதிலிருந்து அரியலூர் 2001 ஜனவரி 1-இல் தனி மாவட்டமானது. அடுத்த ஆண்டே மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டது. 2007 நவம்பர் 23-இல் மறுபடியும் தனி மாவட்டமாக உருவெடுத்தது. எந்தப் பதிவேடு எங்கே செல்ல வேண்டும், எது நகலாக இருக்க வேண்டும், எது தொலைந்தால் யாருடைய நிலமும் ஓய்வூதியமும் சிக்கலுக்கு உள்ளாகும் என்பதையெல்லாம் எண்ணிப் பார்க்காமல் அத்தகைய மாற்றத்தைச் செய்ய முடியாது.

இப்போது அதே போன்ற ஓர் இடமாற்றம் நம்முடைய மேசைகளின் மேல் காத்திருக்கிறது. அதற்கு அரசாணை இல்லை. தொடக்க விழா இல்லை. எனவே பலர் அதைக் கவனிக்கவே இல்லை. 2015 ஜூலையில் வெளியாகி, பத்தாண்டுகளாக உலகெங்கும் கோடிக்கணக்கான கணினிகளை இயக்கிவந்த விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறுத்திக்கொண்டது.

மறுநாள் காலையில் எந்தக் கணினியும் நின்றுவிடவில்லை. பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள தட்டச்சுக் கடையில் வழக்கம்போல விண்ணப்பங்கள் அச்சாயின. ஊராட்சி அலுவலகத்தில் வரி ரசீது வந்தது. கல்லூரி மாணவியின் மடிக்கணினி வழக்கம்போலத் திறந்தது. இந்தச் சிக்கலின் இயல்பே அதுதான். பழுதானால் சரிசெய்வோம், பழுதாகாமல் பாதுகாப்பை மட்டும் இழக்கும் பொருளை நாம் பொருட்படுத்துவதில்லை.

ஆதரவு என்பது என்ன? இயங்குதளம் என்பது பல கோடி வரிகள் கொண்ட நிரல். அத்தனை வரிகளிலும் பிழையே இராது என்று எவராலும் உறுதி கூற இயலாது. ஒரு பிழை வழியாக வெளியாள் உள்ளே நுழையலாம் என்பது தெரியவந்தால், அந்தத் துளையை அடைக்கும் திருத்தத்தைத் தயாரித்த நிறுவனம் இணையம் வழியே அனுப்புகிறது. மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமையன்று இத்திருத்தங்களை வெளியிடுகிறது. ஆதரவு முடிந்தது என்றால், இந்த மாதாந்திரக் காவல் நின்றுவிட்டது என்று பொருள்.

இதில் பலரும் அறியாத ஒரு கூறு உண்டு. விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகிய இரண்டின் அடித்தளத்திலும் பொதுவான பகுதிகள் ஏராளம். புதியதில் ஒரு துளையை அடைக்கத் திருத்தம் வெளியாகும்போது, எந்த இடத்தில் துளை இருந்தது என்பதை அந்தத் திருத்தமே தாக்குதல் செய்வோருக்குக் காட்டிக்கொடுத்துவிடும். அதே துளை பழையதிலும் இருக்கலாம்; அங்கே அது அடைபடாது. ஆகவே, ஆதரவு முடிந்த இயங்குதளம் மாதம்தோறும் கூடுதலாகப் பலவீனமடைகிறது. 'இத்தனை மாதங்கள் ஒன்றும் ஆகவில்லையே' என்பது ஆறுதலாகாது.

வீண் அச்சமல்ல இது என்பதற்கு 2017 மே மாதமே சாட்சி. 'வான்னாக்ரை' என்னும் பணப்பறிப்பு நிரல் 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான கணினிகளின் கோப்புகளைப் பூட்டிவைத்து, அவற்றைத் திறக்கப் பணம் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. இந்தியாவில் அந்நிரல் தொட்ட இடங்களில் கேரளத்தின் வயநாடு, பத்தனம்திட்டா மாவட்டங்களைச் சேர்ந்த ஊராட்சி அலுவலகங்களும் அடங்கும். அந்தத் துளைக்கான திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியாகியிருந்தது. அதை நிறுவாமல் விட்ட கணினிகளே பெருமளவில் வீழ்ந்தன. நான்கு ஊழியர்கள் அமர்ந்து வேலை செய்யும் ஊராட்சி அலுவலகத்தை யார் தேடி வரப்போகிறார்கள் என்னும் கேள்விக்கு அப்போதே விடை கிடைத்துவிட்டது. இத்தகைய நிரல் ஆளைப் பார்த்து வருவதில்லை. திறந்திருக்கும் கதவைப் பார்த்து வருகிறது. 2021 செப்டம்பரில் சென்னைத் தலைமைச் செயலகத்தில் இயங்கும் 'பொது'த் துறையின் கணினிகளும் பணப்பறிப்புத் தாக்குதலுக்கு உள்ளாயின.

அப்படியானால் அனைவரும் விண்டோஸ் 11-க்கு மாறிவிட வேண்டியதுதானே? தகுதியுள்ள கணினிகளுக்கு அம்மாற்றம் இலவசம். அவற்றின் உரிமையாளர்கள் தயங்கத் தேவையில்லை. சிக்கல் தகுதியில்தான் இருக்கிறது. 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம் ஆகியவற்றோடு 'டிபிஎம் 2.0' என்னும் பாதுகாப்புச் சில்லும் இருக்க வேண்டும். இன்டெல் செயலியாக இருந்தால், பெரும்பாலும் 2017-இன் பிற்பகுதியில் அறிமுகமான எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். நல்ல நிலையில் ஓடும் எத்தனையோ கணினிகள் இந்த ஒரு வரம்பினால் விலக்கப்பட்டுவிட்டன. உலகளவில் சுமார் 24 கோடி கணினிகள் இதனால் குப்பைக்குப் போகக்கூடும் என்று கேனலிஸ் என்னும் சந்தை ஆய்வு நிறுவனம் 2023-இல் மதிப்பிட்டது.

தமிழ்நாட்டுக்கு இதில் தனிப்பட்ட அக்கறை உண்டு. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாக அடுத்த சில ஆண்டுகளில் இலட்சக்கணக்கான மாணவர்களின் வீடுகளுக்கு முதன்முறையாகக் கணினி சென்றது. வேப்பந்தட்டை, குன்னம், செந்துறை, ஆண்டிமடம் போன்ற வட்டங்களின் சிற்றூர்களில் அக்காவுக்குக் கிடைத்த மடிக்கணினியில் தம்பி படிப்பதும், அவன் வேலைக்குப் போன பிறகு வீட்டின் விண்ணப்பங்களுக்கெல்லாம் அதுவே பயன்படுவதும் இயல்பு. மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் பயிரிடும் குடும்பத்துக்கு, சில்லு இல்லை என்பதற்காக இன்னொரு கணினி வாங்குவது எளிதான செலவன்று.

எனவே எதிரே உள்ள வழிகள் மூன்று. முதலாவது, கட்டணம் செலுத்திக் காவலை நீட்டிப்பது. தனிநபர்களுக்கு மைக்ரோசாஃப்ட் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு வழங்குகிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, கணினியின் அமைப்புகளை இணையத்தில் சேமிக்க ஒப்புக்கொண்டால் கட்டணம் இல்லை. வேண்டாம் என்போருக்கு 30 டாலர். இதை அறியாமல் இருப்பவர்களே அதிகம். அலுவலகங்களுக்கான கட்டணம் வேறு: ஒரு கணினிக்கு முதலாண்டு 61 டாலர், ஒவ்வோர் ஆண்டும் இரட்டிப்பாகி, மூன்று ஆண்டுகளில் மொத்தம் 427 டாலர்.

பெரம்பலூர் மாவட்டத்தில் 121, அரியலூர் மாவட்டத்தில் 201 என இரு மாவட்டங்களிலும் 322 கிராம ஊராட்சிகள் உள்ளன. ஓர் ஊராட்சிக்கு ஒரு பழைய கணினி என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொண்டாலும், டாலர் 88 ரூபாய் என்றால், மூன்றாண்டு நீட்டிப்புக்கு ஏறத்தாழ ரூ.1.21 கோடி ஆகும். முடிவில் கையில் இருப்பது அதே பழைய கணினிதான். நீட்டிப்பு என்பது திட்டமிடுவதற்கான அவகாசமே தவிர, தீர்வாகாது.

இரண்டாவது வழி, புதிய கணினி வாங்குவது. வசதியும் தேவையும் இருப்போருக்கு அது சரியான வழிதான். மூன்றாவது, கணினியை வைத்துக்கொண்டு இயங்குதளத்தை மாற்றுவது. அதாவது, லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த கட்டற்ற இயங்குதளம் ஒன்றை நிறுவுவது. உபுண்டு, லினக்ஸ் மின்ட், டெபியன் போன்றவை கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அவற்றின் எளிய வடிவங்கள் 4 ஜிபி நினைவகம் கொண்ட பழைய மடிக்கணினியிலும் தடையின்றி ஓடும். வன்தட்டை அகற்றிவிட்டு ஓர் எஸ்எஸ்டி பொருத்தினால் வேகம் கண்கூடாகக் கூடும்.

இந்த மூன்றாவது வழி தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2007-ஆம் ஆண்டு வாக்கில், சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, அரசு நிறுவனமான எல்காட் தன் அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. அதே காலத்தில் சென்னையிலுள்ள சி-டாக் மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு 'பாஸ்' என்னும் இந்திய மொழிகளுக்கான இயங்குதளத்தை உருவாக்கியது. விலையில்லா மடிக்கணினிகளிலும் விண்டோஸுடன் பாஸ் நிறுவப்பட்டிருந்தது. 2014 ஏப்ரல் 8-இல் விண்டோஸ் எக்ஸ்பி-க்கான ஆதரவு முடிந்தபோது, இன்று நாம் நிற்கும் இதே இடத்தில் அன்றைய அரசும் நின்றது. துறைகள் பாஸ் லினக்ஸுக்கு மாற வேண்டும் என்று தகவல் தொழில்நுட்பத் துறை அறிவுறுத்தவும் செய்தது.

முடிவு சரியானதுதான். ஆனால், இயங்குதளத்தை மாற்றுவது என்பது ஒரு குறுந்தகட்டைப் போட்டு நிறுவுவதோடு முடிவதில்லை. அச்சுப்பொறி இயங்காத அன்று யாரை அழைப்பது, பழைய கடிதத்தைத் திறந்தால் எழுத்துகள் கலைந்து தெரிகின்றனவே என்ன செய்வது என்ற கேள்விகளுக்கு அருகிலேயே விடை இல்லாவிட்டால், ஊழியர் இரண்டே நாளில் பழையதற்குத் திரும்பிவிடுவார். மடிக்கணினி பெற்ற மாணவர்களிலும், திரையில் வந்த இரண்டு தேர்வுகளில் எதற்கு எது என்று சொல்லித்தர ஆளில்லாதவர்கள் பழகியதையே தேர்ந்தெடுத்தார்கள்.

அண்டை மாநிலமான கேரளம் வேறுவிதமாகச் செய்தது. அங்கே பள்ளிகள் இரு பத்தாண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளையே பயன்படுத்துகின்றன. 'கைட்' என்னும் அரசு நிறுவனம் பள்ளிகளுக்கென லினக்ஸ் பதிப்பைத் தொகுத்து வழங்குகிறது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கிறது. பாடநூலும் செய்முறைத் தேர்வும் அதை ஒட்டியே அமைகின்றன. மென்பொருளைச் சுற்றி மனிதர்களை நிறுத்தியதால் அங்கே அது நிலைத்தது.

மாற நினைப்பவர்கள் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது இயங்குதளத்தை அன்று, அதில் தொங்கிக்கொண்டிருப்பவற்றை. அவற்றில் முதலாவது, தமிழ் எழுத்துரு. ஒருங்குறி பரவுவதற்கு முன் வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டப்பட்ட ஆவணங்கள் இன்றும் அலுவலகங்களிலும் அச்சுக் கடைகளிலும் குவிந்துள்ளன. அந்த முறையில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் குறியெண்களில் அமர்ந்திருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குழப்பமே தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணி அழித்துவிடுவோரும் உண்டு. உண்மையில் எழுத்துருக் கோப்பைப் பத்திரமாக நகலெடுத்துப் புதிய இயங்குதளத்தில் நிறுவினாலே படித்துவிடலாம். பின்னர் மாற்றி நிரல்களைக் கொண்டு ஒருங்குறிக்குக் கொண்டுவரலாம்.

தமிழக அரசு 2010-இலேயே ஒருங்குறியைத் தன் தரமாக ஏற்றுவிட்டது. 1999-இல் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசைப்பலகை விண்டோஸிலும் கிடைக்கிறது, லினக்ஸிலும் கிடைக்கிறது. ஒருங்குறியில் தட்டப்பட்ட தமிழுக்கு எந்த இயங்குதளமும் ஒன்றே. அப்படித் தட்டாத தமிழ் ஒரு நிறுவனத்தின் எழுத்துருவிடம் அடைமானம் வைக்கப்பட்டதாகவே இருக்கும்.

இரண்டாவது, கருவிகள். ஊராட்சிகளிலும் ஒப்பந்தப்புள்ளிகளிலும் பயன்படும் மின்னணுக் கையொப்பச் சாவிகளில் சிலவற்றுக்கு லினக்ஸ் இயக்கி நிரல் உண்டு, சிலவற்றுக்கு இல்லை. ஆதார் விரல்ரேகைக் கருவிகளின் மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸுக்கும் ஆண்ட்ராய்டுக்குமே எழுதப்பட்டுள்ளது. மூன்றாவது, சில தொழில் மென்பொருள்கள். சிமென்ட் ஆலைகளை நம்பி இயங்கும் அரியலூர் லாரி நிறுவனங்களானாலும், பெரம்பலூரின் விதைக் கடைகளானாலும் டேலி-யில் கணக்கு வைத்திருந்தால் அவர்களுக்கு விண்டோஸ் தேவை. ஃபோட்டோஷாப்பை நம்பியுள்ள புகைப்படக் கூடத்துக்கும் அப்படியே.

ஆகவே எல்லோருக்கும் ஒரே மருந்து என்று சொல்வது பொருந்தாது. இணையத்தில் தேடுவது, விண்ணப்பிப்பது, கடிதம் தட்டுவது, பாடக் காணொலி பார்ப்பது, நிரல் எழுதப் பழகுவது ஆகியவற்றுக்குப் பயன்படும் கணினி தாராளமாக லினக்ஸுக்கு மாறலாம். கல்லூரி மாணவரின் பழைய மடிக்கணினி இந்த வகை. விரல்ரேகைக் கருவியும் மின்னணுக் கையொப்பமும் பொருத்தப்பட்ட சேவை மையக் கணினி, ஆதரவுள்ள விண்டோஸில்தான் இருக்க வேண்டும். புதிய கணினிக்கான பணத்தை அங்கே செலவிடுவதே முறை. பழைய தராசுக்கோ கருவிக்கோ மட்டும் இணைக்கப்பட்ட கணினியை இணையத்திலிருந்து துண்டித்து அப்படியே பயன்படுத்தலாம். ஆனால், கண்ட பென்டிரைவையும் அதில் செருகக் கூடாது.

மாறும் முறையிலும் ஒழுங்கு வேண்டும். முதலில் கோப்புகள், எழுத்துருக்கள், உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள் ஆகியவற்றை வெளி வன்தட்டில் நகலெடுத்து, அந்த நகல் வேறொரு கணினியில் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத நகல், நகலாகாது. அடுத்து, லினக்ஸை ஒரு பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். கணினியில் உள்ள எதையும் அது அழிக்காது. வைஃபை கிடைக்கிறதா, அச்சுப்பொறி இயங்குகிறதா, ஒலி கேட்கிறதா, தமிழ் தட்ட முடிகிறதா என்று ஒரு வாரம் சோதித்த பிறகே நிறுவ வேண்டும். லினக்ஸுக்கும் ஆயுட்காலம் உண்டு என்பதை மறக்கக் கூடாது. 2024 ஏப்ரலில் வெளியான உபுண்டு பதிப்புக்கு வழக்கமான ஆதரவு ஐந்தாண்டுகள். வேறுபாடு என்னவென்றால், அடுத்த பதிப்புக்கு மாறக் கட்டணமில்லை. பெரும்பாலும் புதிய கணினியும் தேவைப்படாது.

இரண்டு ஆபத்துகளையும் இங்கே சொல்லியாக வேண்டும். தகுதியில்லாத கணினியிலும் விண்டோஸ் 11-ஐக் குறுக்கு வழியில் நிறுவித் தருவதாகச் சில கடைகளில் கூறுவார்கள். நிறுவ முடியும் என்பது உண்மை. ஆனால், அத்தகைய கணினிகளுக்குத் திருத்தங்கள் வரும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் பொறுப்பேற்பதில்லை. உடைக்கப்பட்ட திருட்டுப் பிரதியை நிறுவினாலோ, காவலுக்குத் திருடனையே அமர்த்தியதாகிவிடும். மற்றொன்று, 'உங்கள் விண்டோஸ் காலாவதியாகிவிட்டது, சரிசெய்து தருகிறோம்' என்று வரும் தொலைபேசி அழைப்பு. எந்த நிறுவனமும் தானாக அழைத்து அப்படிக் கேட்பதில்லை. கணினியின் கட்டுப்பாட்டையோ ஓடிபி எண்ணையோ கேட்டவுடன் அழைப்பைத் துண்டித்துவிட வேண்டும்.

அரசு செய்ய வேண்டியவையும் உண்டு. மாவட்டந்தோறும் எந்த அலுவலகத்தில் எத்தனை கணினிகள், எந்த இயங்குதளத்தில், என்ன வேலைக்காக உள்ளன என்னும் பட்டியலே முதல் தேவை. அதன் பிறகுதான் எவற்றை மாற்றுவது, எவற்றுக்கு நீட்டிப்பு வாங்குவது, எவற்றை ஓய்வுபெறச் செய்வது என்று முடிவெடுக்க முடியும். மேல்நிலை வகுப்புகளின் கணினிப் பாடநூல்களில் 2018 முதல் உபுண்டுவும் ஓப்பன் ஆபீஸும் இடம்பெற்றுள்ளன. அதைப் படித்த பிள்ளைகள் இன்று அரியலூர், குரும்பலூர், வேப்பந்தட்டை அரசுக் கல்லூரிகளில் இருக்கிறார்கள். ஊராட்சி ஒன்றியத்துக்கு ஒரு நாள் என, ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில், இந்த மாணவர்கள் பழைய மடிக்கணினிகளை மாற்றித் தரும் முகாம்களை நடத்தினால் செலவு மிகக் குறைவு. பயன் மிக அதிகம். 2014-இல் தேவைப்பட்ட 'அழைத்தால் வரும் ஆள்' இவ்வாறுதான் உருவாக முடியும்.

கல்லூரி மாணவர்கள் 20 இலட்சம் பேருக்கு மடிக்கணினி வழங்கப்படும் என்று 2025-26 நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. அந்தக் கணினிகளுக்கும் ஒருநாள் ஆதரவு முடியும். அந்த நாள் எது என்பதையும், அதன் பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதையும் கணினியோடு சேர்த்து ஒரு தாளில் தமிழில் அச்சிட்டுக் கொடுத்துவிடலாமே! விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடியும் நாள் பல ஆண்டுகளுக்கு முன்பே அறிவிக்கப்பட்டதுதான். தெரிந்த தேதிக்குத் தயாராகாமல் இருந்தது நம் பிழை.

மாவட்டங்கள் பிரிந்து இணைந்து மீண்டும் பிரிந்தபோதும் நிலப் பதிவேடுகளும் பிறப்புச் சான்றுகளும் நமக்குக் கிடைக்கின்றன என்றால், அவற்றை யாரோ எண்ணிக் கட்டிக் கையெழுத்திட்டுக் கொண்டுசேர்த்தார்கள் என்று பொருள். அந்தப் பொறுப்பு இன்று கணினி வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் வந்திருக்கிறது. வீட்டிலுள்ள கணினியில் எந்த இயங்குதளம் ஓடுகிறது என்று இன்று மாலை திறந்து பார்ப்பதே அதற்கான முதல் வேலை.